‘போல’ உதிர்ந்த தோட்டம்: நிஸாமியின் மாஹான் கதையும் எங்கள் இல்பொருளுவமையும்

சென்ற வருடம் இரண்டாந் தவணையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ‘எங்கள் தோட்டம்’ என்று ஒரு கவிதை எழுதி வரச் சொன்னேன். 32 கொப்பிகள் வந்தன. பெரும்பாலானவற்றில் ரோஜாவும் மல்லிகையும் வண்ணத்துப்பூச்சியும். எங்கள் ஊரில் ரோஜா வளர்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், உப்புக்காற்று விடாது. ஆனாலும் ரோஜாதான். ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவளுடைய தோட்டத்துத் தென்னைக்கு உடம்பெல்லாம் மீன் செதில். முருங்கையில் காய்க்குப் பதிலாக விரல்கள் தொங்குகின்றன. கோழிக்கு இறகு இல்லை, வெற்றிலைகள். கிணற்றடி மாமரம் இரவில் வாப்பாவின் குரலில் பேசுகிறது.

சிவப்புப் பேனையால் கீழே எழுதினேன்: ‘கற்பனை உண்டு. யதார்த்தம் இல்லை.’ பத்துக்கு 4 புள்ளி.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சேர், இல்லாத மரத்த எழுதினா பிழையா?”

“பிழையில்ல மகள். ஆனா வாசிக்கிற ஆள் கண்ட பொருளா இரிக்கணும். காணாத பொருளச் சொன்னா ஆருக்கு விளங்கும்?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஸக்கூம் மரத்துட பாளைக்கு ஷைத்தான்ட தலையத்தானே குர்ஆன்ல சொல்லிரிக்கி. ஷைத்தான்ட தலைய ஆர் கண்ட சேர்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “மறுகா பேசுவம்” என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த மறுகா.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அவள் கேட்ட கேள்வி ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கேட்கப்பட்டுவிட்டது என்று. பஸ்ராவின் மொழியறிஞர் அபூ உபைதாவைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். அப்பாஸிய அமைச்சர் ஒருவரின் சபையில் எழுத்தாளர் ஒருவர் அவரிடம் கேட்டார்: ஒரு பொருளைக் காட்டி ஆசையூட்டுவதானாலும் அச்சமூட்டுவதானாலும் அது கேட்பவனுக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டாமா? ஸாஃப்பாத் அத்தியாயத்தில் ஸக்கூம் மரத்தின் பாளை ஷைத்தான்களின் தலைகளுக்கு ஒப்பிடப்படுகிறதே, அதை எவரும் கண்டதில்லையே? அபூ உபைதா சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அல்லாஹ் அரபுகளோடு அவர்களுடைய பேச்சின் வழியிலே பேசினான். இம்ருல் கைஸ் அம்பு முனைகளைக் கூல் என்னும் பேயின் பற்களுக்கு ஒப்பிட்டான்; அரபுகள் எவரும் கூலைக் கண்டதில்லை, ஆனால் அதன் பேரைக் கேட்டால் அவர்களுக்கு நடுக்கம் வரும். அந்தக் கேள்வியால்தான் ‘மஜாஸுல் குர்ஆன்’ என்ற தன் நூலை எழுத அவர் முடிவு செய்தார் என்பார்கள். அரபு அணியியலின் தொடக்க நூல்களில் அது ஒன்று. ஒரு காணாத மரத்தைப் பற்றிய சந்தேகத்திலிருந்து ஒரு கலையே கிளைத்திருக்கிறது. நான் அதற்கு 4 புள்ளி போட்டேன்.

ஸக்கூம் எங்களுக்கு இல்லாத மரம் அல்ல, காணாத மரம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. ஆனால் அபூ உபைதா பேசியது மரத்தின் இருப்பைப் பற்றியல்ல, உவமையின் வேலையைப் பற்றி. உவமானம் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டியதில்லை. மனசுக்குள் ஏற்கெனவே குடியிருந்தால் போதும்.

தமிழ் அணியிலக்கணத்துக்கும் இது புதிதில்லை. இல்பொருளுவமை என்று பத்தாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். தண்டியலங்காரம் அபூதவுவமை என்கிறது. உலகத்தில் இல்லாத ஒரு பொருளை உண்டாக்கி அதையே உவமையாக்குவது. வழமையாகக் காட்டும் உதாரணம் திருக்குறள் அன்புடைமை அதிகாரத்திலுள்ளது: பாறை நிலத்தில் காய்ந்துபோன மரம் தளிர் விடுவது. இருபது வருடமாக இதைப் படிப்பித்து வருகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை தன் பங்குக்கு ஓர் இல்பொருளைக் கொண்டுவந்தபோது ‘யதார்த்தம் இல்லை’ என்று எழுதினேன். வள்ளுவருக்குச் சரி, கிணற்றடிப் பிள்ளைக்குச் சரியில்லை என்றா?

நான் படிப்பிக்கும்போது கவனிக்காமல் விட்ட ஒன்று இப்போது படுகிறது. உவமை என்பதே இரண்டு பொருளை ஒட்டுவதுதான். ‘போல’ என்ற உருபு அந்த ஒட்டின் மேல் சுற்றிய கட்டு. மாங்கன்று ஒட்டுகிறவர்கள் கிளையையும் அடிமரத்தையும் சேர்த்துப் பொலித்தீன் சுற்றிக் கட்டுவார்களே, அது மாதிரி. ‘போல’ உதிர்ந்தால் உருவகம். உருவகம் எழும்பி நடந்தால் அல்லது காய்த்தால், அதுதான் கலப்புயிர். யானைத் தலைச் சிங்கமும் பேசும் மரமும் வேறெங்கிருந்தும் வரவில்லை. கட்டு அவிழ்த்த உவமைகள் அவை. ஆகவே அவற்றை யதார்த்தமா இல்லையா என்று கேட்பது கேள்வியே இல்லை. ஒட்டுப் பிடித்ததா? அடிமரத்தின் சாறு மேல் கிளைக்கு ஏறியதா? அதைக் கேட்கலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க எங்களுடைய பழைய தோட்டங்களுக்குள் போனேன்.

முதலில் எதிர்ப்படுவது வாக்வாக் மரம். மனிதத் தலைகளை, சில வேளை முழுப் பெண்களையே காய்க்கும் மரம். அல்-ஜாஹிழ் தன் ‘கிதாபுல் ஹயவா’னில் வாக்வாக் என்பது தாவரத்துக்கும் பிராணிக்கும் பிறந்தது என்ற பேச்சைக் குறிப்பிடுகிறார். இப்னு துபைல் ‘ஹய் இப்னு யக்ழா’னைத் தொடங்கும்போது தகப்பனும் தாயும் இல்லாமல் மனிதன் தோன்றும் தீவொன்றைச் சொல்லி, பெண்களைக் காய்க்கும் மரமும் அங்கே இருப்பதாகச் சொல்கிறார். அந்தத் தீவு இந்தியாவைச் சேர்ந்த தீவுக்கூட்டத்தில். அதாவது எங்கட கடல் பக்கம்! அந்தலூஸில் இருந்து பார்த்தவருக்கு அதிசயம் விளைகிற இடம் நாங்கள் மீன் வாங்கப் போகிற கரை. கஸ்வீனியின் ‘அஜாயிபுல் மக்லூகா’த்திலும் இப்படிப்பட்டவை நிறைய. ஆனால் என் அபிப்பிராயம், கஸ்வீனி வகைப் புத்தகங்களில் இவை கவிதையாவதில்லை. ஒரு தீவில் இது உண்டு, இன்னொரு தீவில் அது உண்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அடுக்கில் வியப்பு உண்டு, ஆனால் எதுவும் எதனோடும் ஒட்டுவதில்லை. பிர்தௌஸியின் ஷாஹ்நாமாவில் இஸ்கந்தர் காணும் பேசும் மரம் அப்படியல்ல. ஆண் அடிமரம் பகலில் பேசும், பெண் அடிமரம் இரவில் பேசும். இரண்டும் அவனுக்குச் சொல்வது அவனுடைய மரணத்தைத்தான். உலகத்தை வென்றவனுக்கு ஒரு மரம் சாவு சொல்கிறது என்றவுடன் மரத்துக்கு வாய் வந்தது நியாயமாகிவிடுகிறது.

என்னை நிறுத்திப்போட்ட தோட்டம் நிஸாமி கஞ்சவியுடையது. பாரசீகம் எனக்குத் தெரியாது. ஜூலி ஸ்கொட் மீஸாமியின் 1995ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் ‘ஹப்த் பைகர்’ காவியத்துக்குள் போனேன். யாப்பின் அழகு பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது, கதையின் கட்டமைப்பைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். 1197இல் நிஸாமி முடித்த காவியம் அது. பஹ்ராம் கூர் என்ற அரசன் ஏழு நாளும் ஏழு நிறக் குவிமாடங்களில் ஏழு இளவரசிகளிடம் ஏழு கதை கேட்கிறான். புதன்கிழமை நீலப்பச்சைக் குவிமாடம். கதை சொல்பவள் மக்ரிப் தேசத்து இளவரசி. கதை மிஸ்ர் நாட்டு மாஹானுடையது.

மாஹான் அழகன், வியாபாரி. ஓர் இரவு நண்பனின் தோட்டத்தில் விருந்து. குடித்த மயக்கத்தில் நிலவில் தனியே நடக்கிறான். (குடியைப் பற்றி எழுதியதால் இந்தக் கதையைப் படிக்கக் கூடாது என்று ஒரு சகோதரர் எனக்குச் சொன்னார். குடித்தவனுக்கு என்ன நடக்கிறது என்று அவர் கடைசி வரை வாசித்திருக்கலாம்.) வியாபாரப் பங்காளி போல ஒருவன் வந்து, பெரிய இலாபத்தோடு வந்திருக்கிறேன், சரக்கு ஊருக்கு வெளியே இறக்கியிருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போகிறான். விடியும்போது பங்காளி இல்லை. பாம்பும் குகையும் நிறைந்த வனாந்தரம். பின்னர் ஓர் இரவு குதிரைக்காரன் ஒருவன் ஒரு குதிரை கொடுக்கிறான். போகிற வழியில் பந்தம் ஏந்திய கூட்டம்: தும்பிக்கையும் கொம்பும் சேர்ந்த கரிய உருவங்கள், யானையும் மாடும் ஓர் உடம்பில். அவற்றின் ஆட்டத்தைக் கண்டு மாஹானின் குதிரையும் ஆடுகிறது. குனிந்து பார்க்கிறான், நாலு காலும் இரண்டு சிறகும் ஏழு தலையும் கொண்ட பறவைநாகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

இதுவரை கஸ்வீனியின் பக்கங்களைப் போலத்தான். பேய்க் கதை சொல்லத் தெரிந்த எந்த மூத்தம்மாவும் இவ்வளவு சொல்வா. நிஸாமியின் வேலை இதற்குப் பிறகுதான்.

அந்தப் பிராணி அவனை எறிந்துவிட்டுப் போக, மாஹான் ஒரு குழிக்குள் ஒளிகிறான். உள்ளே ஒரு துளையில் நிலவு தெரிகிறது. தோண்டிப் பெரிதாக்கி மறுபக்கம் வந்தால் தோட்டம். அங்கே கலப்புயிர் ஒன்றுகூட இல்லை. ஆப்பிள் ஆப்பிளாக இருக்கிறது, மாதுளை மாதுளையாக இருக்கிறது. கொம்பு வைத்த யானை இல்லை, சிறகு வைத்த நாகம் இல்லை. நான் என் மாணவிகளிடம் கேட்ட தோட்டம் இதுதான். மற்ற 31 கொப்பிகளில் வந்த தோட்டமும் இதுதான்.

ஆனால் நிஸாமி அந்தப் பழங்களை வருணிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பழத்துக்கும் ஓர் உவமை: ஒன்று நகைப்பெட்டி, ஒன்று கிண்ணம், ஒன்று வாசனைப் பந்து. முதல் வாசிப்பில் இதெல்லாம் காவிய வழக்கம் என்று தள்ளிக்கொண்டு போனேன். தோட்டத்துக் கிழவர் வருகிறார். முதலில் கள்வன் என்று அடிக்க வருகிறார். கதையைக் கேட்டதும் இரங்கி, நீ என் மகன், இதெல்லாம் உனக்கு என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. உயர்ந்த சந்தன மரத்தின் மேல் ஓர் இருக்கை. தோல் ஏணியை மேலே இழுத்துக்கொள். யார் வந்து கூப்பிட்டாலும் நான் திரும்பி வரும்வரை இறங்காதே. இரவில் மெழுகுதிரி ஏந்திய பெண்கள் வருகிறார்கள், விருந்து வைக்கிறார்கள், அவர்களுடைய தலைவி ஆளனுப்பிக் கூப்பிடுகிறாள். மாஹான் இறங்குகிறான். இறங்காமல் இருப்பானா? அணைத்த கைக்குள் அவள் மாறுகிறாள்: பன்றிப் பல், கூன் முதுகு, நெருப்பு மூச்சு.

விடிந்ததும் தோட்டம் முட்காடு. பழங்கள் இருந்த இடத்தில் எறும்பும் பாம்பும். வாத்தியங்கள் எலும்புகள். ஓடிய நீர் சாக்கடை.

இங்கேதான் பழங்களின் உவமைகளுக்குத் திரும்பிப் போனேன். ஒரு பழத்தையும் நிஸாமி வெறும் பழமாக விடவில்லை. ஒவ்வொன்றும் வேறொன்று ‘போல’ இருந்தது. விடியலில் அந்த வேறொன்று வெளியே வந்துவிட்டது, நகைப்பெட்டியாக அல்ல, பாம்பாக. உவமை முழு நேரமும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, இந்தப் பழத்துக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது என்று. மாஹானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வழியில் கண்ட யானைமாட்டைப் பார்த்து மாஹான் பயந்தான், பயந்தது சரி, அது தன் கலப்பை மறைக்கவில்லை. பொய் சொன்னது கலப்பே தெரியாத தோட்டம். அச்சொட்டாக யதார்த்தமாக இருந்த தோட்டம்தான் அவனைத் தின்ன வந்தது. இதை நிஸாமி எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை. கதையின் வரிசையில் வைத்துவிட்டுப் போகிறான். நடைமுறை அறிவுள்ள வியாபாரி ஒருவனை, பங்காளி, இலாபம், சொத்துக்கு வாரிசு என்று முழுக்க முழுக்க உலக நடைமுறைப் பேச்சாலேயே ஏமாற்றுகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முடிவு இன்னும் நுட்பம். தெளிந்த நீர் கண்டு உடம்பைக் கழுவி, மாஹான் ஸுஜூதில் விழுந்து அழுகிறான். தலை தூக்கினால் பச்சை உடுத்த ஒருவர் நிற்கிறார். முகம் மாஹானின் முகம். நான் ஹிழ்ர், உன்னுடைய நல்ல எண்ணம் உன்னைத் தேடி வந்திருக்கிறது என்ற கருத்தில் பேசி, கையைப் பிடித்து, கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார். கதையின் கடைசிக் கலப்புருவம் இதுதான் என்பேன்: பச்சை உடுப்புக்குள் தன்னுடைய முகம். முன்னைய கலப்புகளில் ஒட்டு வெளியே தெரிந்தது. தோட்டத்தில் ஒட்டு மறைந்திருந்தது. இங்கே ஒட்டே தெரியாமல் ஒன்றாகிவிட்டது. ஊர் திரும்பினால் நண்பர்கள் அவன் இறந்துவிட்டான் என்று நீல உடுப்பில் துக்கம் காக்கிறார்கள். அவனும் நீலம் உடுத்துகிறான். புதன்கிழமைக் குவிமாடத்தின் நிறம் அங்கே வந்து சேர்கிறது.

நிஸாமியை வாசித்த பிறகு சீறாப்புராணத்தைத் திரும்ப எடுத்தேன். காரணம் உண்டு. எங்களுடைய காவியத்துக்குள்ளும் ஒரு கலப்புத் தோட்டம் இருக்கிறது, அதைப் பற்றி வகுப்பில் கேலியாகப் பேசுவது என் பழக்கமாக இருந்தது. உமறுப்புலவரின் விலாதத்துக் காண்டம் நாட்டுப் படலத்தில் அரபு தேசத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. தமிழ்க் காவிய மரபின் மருதத்தைப் பிடுங்கி அரபு மணலில் நட்டிருக்கிறார். புலவருக்குப் புவியியல் தெரியாது, கம்பனைப் பார்த்து எழுதிவிட்டார் என்பது நான் படித்த காலத்தில் கேட்ட விமர்சனம். நானும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அதே காண்டத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ வருகிறது. தண்ணீரில்லாச் சுரத்தில் நீரை வரவழைத்த அற்புதம் பற்றிய படலம். அந்த நிலம் வறண்ட நிலம் என்பது புலவருக்குத் தெரியாமலா அந்தப் படலம் பிறந்தது? அவரை ஆதரித்த சீதக்காதி கடல் வணிகர். அபுல் காசிம் மரைக்காயரும் கரையோரத்து மனிதர். அரபு நாட்டைப் பற்றி இவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியாத சேதியில்லை. தெரிந்தே ஒட்டியிருக்கிறார். றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பிறக்கும் மண்ணை, வளம் என்றால் நெல் என்று மட்டுமே அறிந்த காதுக்குச் சொல்ல வேண்டும். அரபு மண் அடிமரம், மருதம் ஒட்டுக்கிளை. நாட்டுப் படலத்தில் இந்த ஒட்டுப் பிடித்திருக்கிறது என்பதே என் இன்றைய முடிவு, ஏனென்றால் பின்னால் சுரம் வரும்போது அந்த வயல் நினைவுக்கு வருகிறது. வயலை முன்பு கண்டவனுக்குத்தான் அந்தத் தாகம் தெரியும். நகரப் படலத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மாடமும் கொடியும் வீதியும் எந்தக் காவியத்து நகரத்துக்கும் கழற்றிப் பூட்டக் கூடியவையாக இருக்கின்றன. மக்கா என்ற பெயரை எடுத்துவிட்டால் எந்த நகரமும் வலி எடுத்துக் கத்தப் போவதில்லை. கட்டு இருக்கிறது, ஒட்டு இல்லை.

எனக்குள் இந்த ‘யதார்த்தம் இல்லை’ எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தேன். இரண்டு பக்கத்திலிருந்து. ஒன்று பல்கலைக்கழகம். எங்கட தலைமுறைக்கு விமர்சனம் என்றால் கைலாசபதியும் சிவத்தம்பியும்தான். மண்வாசனை, யதார்த்தம், சமூகப் பார்வை. அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் கிழக்குக் கரை மீனவனும் வயற்காரனும் இலக்கியத்துக்குள் வந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நாவலுக்கும் சிறுகதைக்கும் தீட்டிய கத்தியை நாங்கள் எல்லாத் தலையிலும் வைத்தோம். மற்றது பள்ளிவாசல் பக்கத்து அச்சம். அதிசயம் என்றால் கட்டுக்கதை, கட்டுக்கதை என்றால் பித்அத்தின் வாசல் என்று ஒரு பேச்சு. இந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அற்புதத்தையும் கற்பனையையும் குழப்பக் கூடாது. அப்படிக் குழப்பாமல் பிரித்துப் பார்க்கவும் இலக்கிய வாசிப்புத்தான் உதவும். புராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹதீஸ் சொல்வது கழுதையை விடப் பெரிய, கோவேறு கழுதையை விடச் சிறிய, வெண்ணிறமான ஒரு வாகனத்தை. பார்வை எட்டுகிற எல்லையில் அது காலடி வைக்கும். பெண்முகமும் கிரீடமும் பிற்காலச் சித்திரக்காரர்கள் ஒட்டியவை. எது பலமான கற்பனையைக் கிளப்புகிறது? எனக்குப் பெண்முகம் ஒன்றும் செய்யவில்லை. கண் போகும் தூரம் கால் போகும் என்ற அந்த அளவு, கண்ணையும் காலையும் ஒன்றாக்கிவிட்ட அந்த அளவு, வாசிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்துகிறது.

இதே அளவுகோலால் எங்கள் இளைஞர்களின் புதுக் கவிதைகளையும் பார்க்கலாம். அண்மைய வருடங்களில் மரத்தில் கண் முளைப்பதும் பூவுக்குப் பல் வருவதும் நிறைய நடக்கிறது. பலவற்றில் கண்ணுக்குப் பதில் காதை வைத்தாலும் கவிதைக்கு ஒன்றும் ஆகாது. அப்படி மாற்றி வைக்க முடிந்தால் அது ஒட்டுமரம் இல்லை, கயிற்றால் கட்டிய விறகு.

இவ்வளவையும் வாசித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். வெற்றிலை இறகுக் கோழி விறகுதான், அதில் மாற்றமில்லை. முருங்கை விரல்கள் பரவாயில்லை, ஆனால் விரல் என்பதைத் தாண்டி அவை ஒன்றும் செய்யவில்லை, தொடவுமில்லை, கூப்பிடவுமில்லை. மாமரத்தில் மட்டும் ஏதோ சாறு ஏறியிருந்தது. ஏன் வாப்பாவின் குரல், ஏன் இரவு, ஏன் கிணற்றடி என்று கேட்டேன்.

“வாப்பா கத்தாருக்குப் போக முந்தி வெச்ச ஒட்டுமாங்கண்டு சேர் அது. எங்கட வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல. கிணத்தடியில மட்டுந்தான் கிடைக்கும். வேல முடிஞ்சி ராவைக்குத்தான் வாப்பா எடுப்பாரு. உம்மா ஃபோன மாமரத்துக் கவட்டுல வெச்சி ஸ்பீக்கரப் போடுவா. தம்பி மரத்துக்கிட்டத்தான் ‘வாப்பா’ எண்டு கதைக்கிறவன்.”

எட்டு வரிக் கவிதையில் இதில் ஒரு சொல்லும் இல்லை. கத்தார் இல்லை, ஃபோன் இல்லை, தம்பி இல்லை. ‘போல’வும் இல்லை. எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு மரத்தைப் பேச விட்டிருக்கிறாள். நான் யதார்த்தம் இல்லை என்று எழுதிய வரி அந்தக் கொப்பியிலேயே அச்சொட்டான வரி.

4ஐ வெட்டி 7 போட்டேன். கோழியை எடுத்துவிடச் சொன்னேன், சரி என்றாள். தென்னையின் மீன் செதிலையும் எடுக்கலாமே, அதற்குக் கவிதையில் வேலை இல்லையே என்றேன். அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. “அது இரிக்கட்டும் சேர். எங்கட தென்ன கடலுக்குக் கிட்ட. நீங்க வந்து தடவிப் பாருங்க” என்று சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.